அண்ணன் சிங்கப்பூர் போகிறார், கடை யார் பெயரில்? குடும்பக் கடைக்கு வெளிநாட்டில் கிளை போடுபவர்களுக்கு

ஊரில் இரண்டு தலைமுறையாக ஓடும் கடை. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போகிறார்கள். “அங்கேயே ஒரு கடை போட்டால் என்ன?” என்று யாரோ ஆரம்பிக்கிறார். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. உங்கள் வீடு இப்போது இந்தக் கட்டத்தில் இருந்தால் மேலே படியுங்கள்.

எங்களுடையது சாத்தூர் பக்கம் சேவுக் கடை. அப்பா, இரண்டு அண்ணன்கள், நான். கணக்கும் காகித வேலையும் என் பொறுப்பு. சிங்கப்பூர் கம்பெனிக்கான வேலைகளில் அலுவலகங்களில் மாட்டிக்கொண்டதைவிட வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டதுதான் அதிகம். படிவங்கள் கேட்பது சின்னக் கேள்விகள்தான். முதலாளி யார், பணம் யாருடையது, போகிறவருக்கு என்ன சம்பளம்? இந்த மூன்றுக்கும் பெரும்பாலான குடும்பக் கடைகளில் எழுதிவைத்த பதில் கிடையாது. பதில் இல்லாமல் படிவத்தை நிரப்பினால், அவசரத்தில் எழுதியதே பத்திரம் ஆகிவிடும்.

இங்கே சொல்லும் கட்டணங்கள் நான் இதை எழுதும்போது உள்ளவை. சிங்கப்பூரில் சம்பள வரம்புகள் அடிக்கடி ஏறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஆடிட்டரைப் பார்க்கும் முன் வீட்டில் ஒரு தாள்

செலவில்லாத வேலை இது. ஆனால் இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்:

- முதல் போடுவது யார்? கடைப் பணமா, அப்பாவின் சேமிப்பா, வீட்டை அடமானம் வைத்த கடனா?
- அங்கே கம்பெனியில் யாருக்கு எத்தனை பங்கு?
- போகிறவருக்குச் சம்பளமா, லாபத்தில் பங்கா, இரண்டுமா?
- எத்தனை வருடம்? அதற்கப்புறம் திரும்புவாரா, அங்கேயே இருப்பாரா?
- நஷ்டம் எவ்வளவு வரை போனால் மூடிவிடுவது?

“எல்லாம் உங்களுக்குத்தானே” என்று அப்பாக்கள் சொல்வார்கள். பாசமான பேச்சுதான். ஆனால் பங்குதாரர் பட்டியலில் அதை எழுத இடமில்லை, பெயரும் எண்ணிக்கையும்தான் கேட்பார்கள்.

காலத்தைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். அந்தக் காலத்துச் செட்டியார் கடைகளில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜென்டை அனுப்பும்போதே மூன்று வருடம் என்று பேசித்தான் அனுப்பினார்கள். “போய்ப் பார்க்கட்டும்” என்று அனுப்பினால், போனவர் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பார். இருப்பவர் தன்னை மாட்டிவிட்டார்கள் என்பார்.

மருமகள்களை அடுக்களையில் வைத்துவிட்டு எடுக்கும் முடிவு நிற்காது. விமானம் ஏறப்போவது அவர்களும்தான். வீட்டை அடமானம் வைப்பதாக இருந்தால் மகள்களையும் கூப்பிட வேண்டும். பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சம உரிமை இருப்பதால், வங்கி கையெழுத்துக் கேட்கும். கடைசி நாளில் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போன் போட்டு “ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போம்மா” என்று சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். என்ன கடன், எதற்காக என்று முதலிலேயே சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை.

2. ஊர்க்கடை எந்த வகையில் பதிவாகியிருக்கிறது?

வெளிநாட்டுக் கம்பெனியில் முதல் போடுவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள்தான் இப்போது நடைமுறை. அதன்படி முதலீடு செய்யக்கூடியவை கம்பெனி, எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த கூட்டு), பதிவு செய்யப்பட்ட கூட்டு நிறுவனம். “பதிவு செய்யப்பட்ட” என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் முத்திரைத் தாளில் எழுதிய கூட்டு ஒப்பந்தம் பீரோவில் இருக்கும், அதைக் காட்டி பான் கார்டும் ஜிஎஸ்டியும் வாங்கியிருப்பார்கள், ஆனால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கடையின் பெயரில் முதலீடு போக முடியாது.

பதிவு செய்யப் போகும்போது ஒப்பந்தத்தையும் திருத்தி எழுதிவிடுங்கள். ஒரு பங்குதாரர் இறந்தால் மற்றவர்கள் தொடர்வார்கள் என்ற வரி பல பழைய ஒப்பந்தங்களில் இல்லை. அது இல்லாவிட்டால் சட்டப்படி கூட்டே கலைந்துவிடும். இரண்டே பேர் உள்ள கூட்டில் அந்த வரி இருந்தும் பயனில்லை, மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் இந்த இடத்தில்தான் “அப்படின்னா இவளையும் சேருங்க” என்று பெரியண்ணன் என் பெயரைச் சொன்னார். அதுவரை பெண்ணைக் கூட்டில் சேர்ப்பது பேச்சிலேயே கிடையாது.

கடை அப்பா ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், முதலீடு அப்பாவின் தனிப்பட்ட முதலீடாகத்தான் போகும். ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரம்பு. வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். கம்பெனியோ பதிவான கூட்டோ அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை. நிறுவனத்தின் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதில்) 400 சதவீதம் வரை முன் அனுமதி இல்லாமல் அனுப்பலாம்.

அப்பா பெயரில் கொஞ்சம், அம்மா பெயரில் கொஞ்சம், மதினி பெயரில் கொஞ்சம் என்று பிரித்து அனுப்பினால் வரிப் பிடித்தம் தப்பும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதலீட்டுக்காகப் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த முதலீட்டில் பங்காளியாக இருக்க வேண்டும். மதினி பணம் அனுப்பினால் மதினி பங்குதாரர்தான், நாளைக்கு “பெயருக்குத்தானே” என்று சொல்ல முடியாது.

3. போவது யார்?

வீட்டில் மூத்தவர் போவதுதான் முறை என்பார்கள். சிங்கப்பூரின் கணக்கு வேறு.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர். அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45-ஐத் தொட்டவருக்கு 10,700 ஆகிறது. இதோடு கம்பாஸ் என்ற புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு 20 புள்ளி தானாகக் கிடைக்கும். மீதி 20 சம்பளத்திலும் படிப்பிலும் வர வேண்டும். பட்டப்படிப்புக்கு 10, அந்தத் துறையில் ஓரளவு உயர்ந்த சம்பளத்துக்கு 10. பட்டம் இல்லாவிட்டால் சம்பளத்தை மட்டும் வைத்து 20 எடுக்க வேண்டும், அதற்குத் துறையிலேயே மேல்தட்டுச் சம்பளம் காட்ட வேண்டியிருக்கும்.

பெரியண்ணனுக்குக் கடலை மாவைத் தொட்டாலே பதம் தெரியும். ஆனால் பட்டம் இல்லை, வயதும் 45-ஐ நெருங்குகிறது. சின்னண்ணன் பி.காம். புள்ளிக் கணக்கு யாரைக் காட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். “உனக்குத் தகுதி இல்லை” என்று ஆகிவிடாமல், “உன்னை அனுப்பினால் மாதம் இவ்வளவு டாலர் கூடுதல் செலவு” என்று காகிதத்தில் காட்டுங்கள். எண்ணைப் பார்த்தால் மனத்தாங்கல் குறைகிறது.

அடுத்த சண்டை சம்பளத்தில் வரும். ஒரு டாலர் சுமார் 70 ரூபாய் என்றால் 5,600 டாலர் கிட்டத்தட்ட 4 லட்ச ரூபாய். ஊரில் இருப்பவர் கடையிலிருந்து மாதம் 40,000 எடுத்துக்கொண்டிருப்பார். “அவனுக்கு நாலு லட்சமா?” என்று கேட்கத்தான் செய்வார். அங்கே வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு போக என்ன மிஞ்சும் என்று வரி வரியாக எழுதிக் காட்டுங்கள். “காகிதத்தில் 5,600 காட்டுவோம், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்” என்ற யோசனை கண்டிப்பாக வரும். சம்பளத்தைப் பொய்யாகக் காட்டுவது சிங்கப்பூரில் குற்றம். 20,000 டாலர் வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். போனவர்தான் மாட்டுவார்.

குடும்பத்தோடு போவதாக இருந்தால் இன்னும் சில:

மனைவி மக்களுக்கு டிபெண்டன்ட்ஸ் பாஸ் வேண்டுமென்றால் சம்பளம் 6,000 டாலர் இருக்க வேண்டும். 5,600-க்குப் பாஸ் வாங்கிக்கொண்டு போனவர், மனைவியைக் கூப்பிட முடியாமல் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்பா அம்மாவை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000 டாலர் சம்பளம் வேண்டும்.

டிபெண்டன்ட்ஸ் பாஸில் வந்த மனைவி கடைக் கல்லாவில் உட்காரக் கூடாது. நம் ஊர்க் கடைகளே வீட்டுப் பெண்களின் சம்பளமில்லாத உழைப்பில் ஓடுகின்றன, அந்தக் கணக்கு அங்கே செல்லாது. 2021 மே முதல் வேலை செய்ய அவருக்கே தனி வேலைப் பாஸ் தேவை. கம்பெனியில் 30 சதவீதப் பங்கு வைத்திருக்கும் இயக்குநர் என்றால் அனுமதிக் கடிதத்துக்கு வழி உண்டு, ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவரையாவது வேலைக்கு வைத்துக் குறைந்தது 3 மாதம் சிபிஎஃப் (அங்குள்ள சேமநிதி) கட்டியிருக்க வேண்டும். ஆகவே “மதினி பார்த்துக்கொள்வாள்” என்று ஆள் செலவைக் குறைத்துப் போட்ட திட்டத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மகன் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பின்னாளில் குடும்பமாக நிரந்தரவாசம் வாங்கினால், பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகனுக்கு இரண்டு வருடத் தேசிய சேவை உண்டு. தாத்தா பாட்டிக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பாஸ் விண்ணப்பக் கட்டணம் 105 டாலர், கிடைத்த பின் 225. குறையில்லாத விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 10 வேலை நாளில் பதில் வரும். பட்டச் சான்றிதழைத் தனி நிறுவனம் மூலம் சரிபார்த்துத் தர வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பல்கலைக்கழகம் பதில் போடும் வேகம் நம் கையில் இல்லை.

4. அங்கே கம்பெனி பதிவு

இது சுலபம். ஏக்ரா என்ற கம்பெனிப் பதிவு அமைப்பில் பெயருக்கு 15 டாலர், பதிவுக்கு 300. பங்கு முதலாக ஒரு டாலர் இருந்தால் போதும். வெளிநாட்டவர் நேரடியாகச் செய்ய முடியாது, பதிவு பெற்ற முகவர் மூலம்தான், அவர் கட்டணம் தனி. 6 மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளர் நியமிக்க வேண்டும். பதிவு ஓரிரு நாளில் முடிந்துவிடும். வங்கிக் கணக்குத்தான் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம். பாஸ் வரும்வரை அண்ணன் அந்தக் கணக்கில் வர மாட்டார், கம்பெனி இல்லாமல் பாஸும் வராது. இந்த இடைவெளியில் இரண்டு வழி. முகவர் தரும் பெயரளவு இயக்குநர், அல்லது அங்கே இருக்கும் சொந்தக்காரர்.

சொந்தக்காரர் என்றால் செலவில்லை என்று தோன்றும். நான் பணம் கொடுத்து முகவரிடமே போகச் சொல்வேன். அத்தை மகன் இயக்குநராக ஒரு வருடம் இருந்தால், சட்டப் பொறுப்பு முழுவதும் அவர் தலையிலும் இருக்கும். கணக்குத் தாக்கல் தவறினால் அவருக்கும் நோட்டீஸ் போகும். ஒரு கட்டத்தில் அவர் “எனக்கும் 10 சதவீதம் போடுங்கள்” என்றால் மறுக்க வாய் வராது, மறுத்தால் அடுத்த கல்யாணத்தில் அத்தை முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவரை விட்டால் வழியில்லை என்றால், எந்தத் தேதி வரை, என்ன சம்பளம், எப்போது விலகுவார் என்று எழுதி வாங்குங்கள். பங்கை வேறொருவருக்காக ஒருவர் பெயரில் வைத்திருந்தால் அதையும் பதிவேட்டில் காட்ட வேண்டும், வாய்ப்பேச்சுப் பினாமி எல்லாம் அங்கே ஆபத்து.

5. பணம் அனுப்புதல்

வரிசை முக்கியம். வங்கியில் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் அடையாள எண் வந்த பிறகுதான் முதல் பணம் போக வேண்டும். சிற்றூர்க் கிளைகளில் இந்தப் படிவத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எங்கள் கணக்கு இருக்கும் கிளையில் “டூர் போற மாதிரி எழுதிக் குடுத்திருங்கம்மா, சீக்கிரம் போயிரும்” என்றார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பணம் முதலீடாகவே பதிவாகாது, பின்னால் திரும்பிக் கொண்டுவரும்போது எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும். மதுரை, கோவை போன்ற ஊர்களில் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்கும் கிளைக்கு நேராகப் போங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பான், கூட்டு ஒப்பந்தமும் பதிவுச் சான்றும், எல்லாப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதம், ஆடிட்டர் தந்த நிகர மதிப்புச் சான்று, சிங்கப்பூர்க் கம்பெனியின் பதிவு விவரம்.

அனுப்பிய 6 மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை வங்கியில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வருடா வருடம் ஜூலை 15-க்குள் எஃப்எல்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்து, கடன் அறிக்கை, டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. தவறினால் தாமதக் கட்டணம். செயல்பாட்டு அறிக்கைக்கு அங்கே உள்ள கணக்கு வேண்டும். அங்கே இருப்பவர் “அனுப்புறேன், அனுப்புறேன்” என்று இழுத்தால் இங்கே இருப்பவர் அபராதம் கட்டுவார். கணக்கு அனுப்பும் தேதியையும் வீட்டுத் தாளில் சேருங்கள்.

6. போகிறவரின் ஊர்க் கணக்குகள்

தொழிலுக்காகக் கிளம்பிய நாளிலிருந்தே ஃபெமாவின்படி அவர் வெளிநாடு வாழ்பவர். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்ற வெளிநாடு வாழ்பவர் கணக்காக மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை, ஆனால் மாற்ற வேண்டும். ஊர்க் கூட்டில் அவர் தொடரலாம், போட்ட முதலீட்டை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகாத வகையில். ஊர்க்கடை கம்பெனியாக இருந்தால் இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும்.

அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) கிளம்புவதற்கு முன்பே இங்கே எழுதிவிடுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகச் சான்று வாங்கி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதில் கவனம். தம்பிக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு, ஊரில் நிலம் விற்றபோதுதான் தெரியவந்தது என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். கடை வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, உரிமம் என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சொத்து விற்கும் அதிகாரம் வேண்டாம்.

7. பெயரும் பக்குவமும்

கடைப் பெயருக்கு வணிகச் சின்னம் பதிந்திருக்கிறதா? தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். அண்ணன் பெயரில் அல்லாமல் கடையின் பெயரிலேயே பதியுங்கள். சிங்கப்பூரில் தனியாகப் பதிய வேண்டும், அங்கேயும் ஊர்க்கடையே உரிமையாளராக இருந்து, கிளைக்குப் பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். ஒரே பெயரை டெல்லிக் குடும்பமும் கொல்கத்தாக் குடும்பமும் உரிமை கொண்டாடி நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற ஹல்திராம் கதையைத் தேடிப் படியுங்கள்.

பக்குவத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் 2021 ஜூன் முதல் சிங்கப்பூரில் தடை. வனஸ்பதி சேர்க்கும் பலகாரங்கள் இதில் மாட்டலாம். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. “எங்க அப்பா காலத்துலேருந்து போடுறது” என்றார். வேறு கொழுப்பில் ஒரு ஈடு போட்டு, எது எது என்று சொல்லாமல் தட்டில் வைத்தோம். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லேபிள் ஆங்கிலத்தில், சேர்மானம், ஒவ்வாமை தரும் பொருள், நிகர எடை, தயாரித்த நாடு, அங்கே இறக்குமதி செய்பவரின் பெயர் முகவரியோடு இருக்க வேண்டும். இறக்குமதிக்கு அங்கே உணவு அமைப்பிடம் பதிவு வேண்டும். இங்கே ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு 500 ரூபாய், ஆன்லைனில் வாங்கலாம், ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்காவிட்டால் செயலிழக்கும். அதையும் கடையின் பானில் எடுங்கள்.

8. ஊர்க்கடை சிங்கப்பூர்க் கடைக்கு எந்த விலைக்கு விற்பது?

தலைதீபாவளிச் சீர் மாதிரி சரக்கு அனுப்பக் கூடாது. “நம்ம கடைதானே” என்று அடக்க விலைக்கு அனுப்பினால் ஊரில் இருப்பவருக்கு லாபமே இருக்காது, லாபம் எல்லாம் போனவர் பக்கம் தெரியும். வருமான வரிச் சட்டமும் இதை ஒத்துக்கொள்ளாது. ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்கள் நாடு தாண்டி விற்றுக்கொண்டால், வெளியாளுக்கு விற்கும் விலையை ஒட்டித்தான் விற்க வேண்டும், ஆடிட்டர் சான்றும் வருடா வருடம் தேவை. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் ஊரில் இருப்பவருக்குத் துணையாக நிற்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் பில், 60 நாளில் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து போகும் உறவினர் கையில் கொடுத்தனுப்பும் பத்துக் கிலோவையும் பில்லில் சேருங்கள். சின்னதாகத் தெரியும், வருடக் கடைசியில் மனக்கசப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

9. திரும்பி வருவதும் பிரிவதும்

ஆரம்பிக்கும்போது இதைப் பேசுவது அபசகுனம் என்பார்கள். பங்குதாரர் ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். ஒருவர் விலகினால் பங்கை முதலில் குடும்பத்துக்குத்தான் விற்க வேண்டும், விலையை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆடிட்டர் போடுவார். கடை சரியாக ஓடாவிட்டால் பாக்கி எல்லாம் கட்டிவிட்டு ஏக்ராவில் பெயரை நீக்க விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பங்கை விற்று வரும் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, வந்த 30 நாளில் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் போன அதே வங்கிக் கிளை, அதே அடையாள எண். அந்த எண் இருக்கும் கடிதத்தின் நகலை ஊரிலும் ஒன்று, அங்கேயும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.